ஐவரி கோஸ்ட் நடத்திய ஆப்பிரிக்கக் கோப்பை: ஒரு பார்வையாளரின் மதிப்புரை

ஒரு கால்பந்துத் தொடரைப் பார்ப்பதற்கு இன்று நாம் சந்தா கட்டுகிறோம், தூக்கத்தை விடுகிறோம், ஏறக்குறைய ஒரு மாதத்து மாலைகளையும் இரவுகளையும் அதற்கென ஒதுக்கி வைக்கிறோம். காசும் நேரமும் கொடுத்துப் பெறும் வேறெந்தச் சேவையையும் எடைபோடுவது போலவே அதையும் எடைபோட்டுப் பார்க்கலாம். 2024 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 11 வரை ஐவரி கோஸ்ட் நாட்டில் நடந்த 34-வது ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை நேரலையில் பார்த்து, பிறகு முக்கியமான ஆட்டங்களைத் தொடக்கம் முதல் இறுதி வரை மீண்டும் ஒருமுறை பார்த்த பின்னர் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். களமிறங்கிய அணிகள் கொடுத்தது என்ன, தொடரை வடிவமைத்த ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு கொடுத்தது என்ன, ஆடுகளங்களும் நடுவர்களும் ஒளிபரப்பும் எப்படி இருந்தன என்பவற்றையே இங்கு பேசுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நான் பார்த்த சர்வதேசத் தொடர்களில் அணிகளுக்கு இடையிலான இடைவெளி இவ்வளவு குறுகியிருந்த இன்னொன்று இல்லை. பதினாறு அணிகள் ஆடிய கோப்பையை இருபத்து நான்கு அணிகளாக விரித்தது தரத்தைக் கெடுத்துவிடும் என்று பலரும் சொல்லிவந்த குற்றச்சாட்டுக்கு, அந்த விரிவாக்கத்தால் உள்ளே வர வாய்ப்புப் பெற்ற அணிகளே களத்தில் பதில் கொடுத்தன.

1957-இல் கார்ட்டூமில் இந்தக் கோப்பை தொடங்கியபோது ஆடியவை எகிப்து, சூடான், எத்தியோப்பியா என்ற மூன்றே அணிகள். இனஒதுக்கல் கொள்கையை விடாத தென் ஆப்பிரிக்கா வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. 1990-களில் பதினாறு அணிகளாக வளர்ந்த தொடர், 2019-இல் எகிப்தில் நடந்தபோது முதன்முறையாக இருபத்து நான்கு அணிகளைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டே அறிமுக அணியான மடகாஸ்கர் குழுச் சுற்றில் நைஜீரியாவை வீழ்த்திக் காலிறுதி வரை சென்றது. 2022 தொடக்கத்தில் கேமரூனில் ஆடப்பட்ட அடுத்த தொடரில் கொமொரோஸ் தீவுகள் கானாவை 3–2 என்று வென்று வெளியேற்றின. எக்குவடோரியல் கினி, 35 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த அல்ஜீரியாவின் ஓட்டத்தை நிறுத்தியது. ஐவரி கோஸ்ட்டில் கண்டது திடீரென முளைத்ததன்று. நெடுநாளாக வளர்ந்துவந்த ஒன்று அங்கே முழுமையாகத் தெரிந்தது.

தொடரின் அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நகரங்கள், ஆறு அரங்குகள், 52 ஆட்டங்கள், 119 கோல்கள். முந்தைய தொடரில் இதே 52 ஆட்டங்களில் விழுந்தவை 100 கோல்கள் மட்டுமே. 2023 ஜூன், ஜூலையில் நடப்பதாக இருந்த தொடர் ஐவரி கோஸ்ட்டின் மழைக்காலத்தைக் கருதி 2024 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதனால்தான் 2024-இல் ஆடப்பட்ட கோப்பையின் பெயரில் 2023 என்று இருக்கிறது. குழுச் சுற்றில் பெரும்பாலான நாள்களில் ஆட்டங்கள் உள்ளூர் நேரப்படி பிற்பகல் 2 மணி, மாலை 5 மணி, இரவு 8 மணிக்குத் தொடங்கின. நம் நேரத்துக்கு அது இரவு 7.30, 10.30, நள்ளிரவு தாண்டி 1.30. முதல் ஆட்டத்தை வீட்டாரோடு சேர்ந்து பார்த்துவிடலாம். மூன்றாவது ஆட்டத்துக்கு மறுநாள் வேலையைக் கணக்கில் வைத்துத்தான் உட்கார வேண்டும்.

இந்தத் தொடர் பார்வையாளருக்கு எதைக் கொடுத்தது என்பதை ஜனவரி 22 இரவை வைத்தே விளக்கிவிட முடியும். அபிஜான் நகரில் அன்று 'ஏ' குழுவின் கடைசி ஆட்டங்கள் முதலிலும், 'பி' குழுவின் கடைசி ஆட்டங்கள் அடுத்தும் நடந்தன. போட்டியை நடத்தும் நாடான ஐவரி கோஸ்ட், இருபது லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை கொண்ட எக்குவடோரியல் கினியை எதிர்கொண்டது. பந்து பெரும்பாலும் ஐவரி கோஸ்ட் வீரர்களின் கால்களில்தான் இருந்தது. ஆனால் இடைவேளைக்குச் சற்று முன்னர் எமிலியோ என்சூவே ஒரு கோல் அடித்தார். எழுபது நிமிடங்களைத் தாண்டியதும் பாப்லோ கானெட் ஃப்ரீ கிக்கில் இரண்டாவதை அடித்தார். அடுத்த இரண்டு நிமிடங்களில் என்சூவே மீண்டும் ஒன்று. கடைசியில் யானிக் புய்லா நான்காவது. சொந்த மண்ணில் 4–0 என்று தோற்ற வீரர்கள் கண்ணீரோடு புல்வெளியில் உட்கார்ந்திருந்தார்கள். எக்குவடோரியல் கினி நைஜீரியாவையும் பின்னுக்குத் தள்ளிக் குழுவில் முதலிடம் பெற்றது. 34 வயதான என்சூவே ஐந்து கோல்களோடு தொடரின் அதிக கோல் அடித்தவராக முடித்தார். அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஸ்பெயின் இளையோர் அணிகளில் ஆடியிருந்த அவர் எக்குவடோரியல் கினி அணிக்கு மாறியது முறைப்படி நடக்கவில்லை என்று ஃபிஃபா அவருக்கு ஆறு மாதத் தடை விதித்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்த இரவின் ஆட்டத்தை அது அழித்துவிடாது என்றாலும், வாசகர் முழு விவரத்தையும் அறிந்திருப்பது நல்லது.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் 1.30 மணி ஆட்டங்கள் தொடங்கின. நான்கு முறை கோப்பையை வென்ற கானா, மொசாம்பிக்குக்கு எதிராக ஜோர்டான் ஆயுவின் இரண்டு பெனால்டி கோல்களால் 2–0 என்று முன்னிலை பெற்று, தொண்ணூறு நிமிடங்களையும் கடந்துவிட்டது. அதே நேரத்தில் நடந்த மற்றோர் ஆட்டத்தில் ஏழு முறை சாம்பியனான எகிப்து கேப் வெர்டேயுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இன்ஜுரி டைம் தொடங்கியதும் ஜெனி கட்டாமோ பெனால்டியில் மொசாம்பிக்கின் முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ரெய்னில்டோ கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிச் சமன்செய்தார். அதே சில நிமிடங்களுக்குள் எகிப்து 2–1 என்று முன்னேறியது. பிறகு தொண்ணூற்று ஒன்பதாவது நிமிடத்தில் கேப் வெர்டேயின் பிரையன் டெய்ஷேரா அந்த முன்னிலையைத் துடைத்தெறிந்தார். எகிப்து மூன்று ஆட்டங்களையும் 2–2 என்று டிரா செய்து மூன்று புள்ளிகளோடு அடுத்த சுற்றுக்குப் போனது. இரண்டே புள்ளிகளோடு கானா வீட்டுக்குப் போனது. ஏறக்குறைய பத்து நிமிடங்களில் இரண்டு திரைகளில் நடந்த இந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அன்றைய இரவின் தூக்கம் போனதில் வருத்தம் இருந்திருக்காது.

இப்படிப்பட்ட முடிவுகள் ஓரிரண்டு இரவுகளோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். நமீபியா அதற்கு முன்பே, கோர்ஹோகோவில், துனிசியாவை வென்றிருந்தது. 88-வது நிமிடத்தில் டியான் ஹோட்டோ தலையால் அடித்த கோல், நான்காவது முறையாக இந்தக் கோப்பையில் ஆட வந்திருந்த அந்த நாட்டுக்கு முதல் வெற்றியைக் கொடுத்தது. துனிசியா கடைசியில் குழுவின் அடியில் முடித்தது. ஜனவரி 23-இல் மொரிட்டானியா, யாலி டெல்லாஹி அடித்த ஒரே கோலில், 2019-இன் சாம்பியனான அல்ஜீரியாவை வென்று வெளியேற்றியது. ஆப்பிரிக்கக் கோப்பையில் மொரிட்டானியாவுக்கும் அதுவே முதல் வெற்றி. உலகத் தரவரிசையில் ஆப்பிரிக்காவின் முதல் ஐந்து இடங்களில் இருந்த மொராக்கோ, செனகல், துனிசியா, அல்ஜீரியா, எகிப்து ஆகிய ஐந்தில் ஒன்றுகூடக் காலிறுதியைத் தொடவில்லை. முந்தைய தொடரில் காலிறுதி ஆடிய எட்டு அணிகளில் ஒன்றுகூட இந்த முறை அந்தச் சுற்றில் இல்லை. தொடர் தொடங்கும் முன் பத்திரிகைகளின் கணிப்புகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் காலிறுதிப் பட்டியலை இருமுறை பார்த்திருப்பார்கள்.

இந்த அணிகளில் என் மனத்தில் நிலைத்து நின்றது கேப் வெர்டே. அட்லாண்டிக் பெருங்கடலில் ஐந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்தத் தீவு நாடு, எகிப்தும் கானாவும் இருந்த குழுவில் முதலிடம் பிடித்தது. அணியில் பலர் போர்ச்சுகல், நெதர்லாந்து, பிரான்ஸ் போன்ற நாடுகளுக்குப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். அயர்லாந்தில் பிறந்து அங்கேயே ஆடிவந்த தடுப்பாட்டக்காரர் பிகோ லோபஸை, அவருடைய தந்தை கேப் வெர்டேக்காரர் என்பதை அறிந்த அன்றைய பயிற்சியாளர் லிங்க்டுஇன் தளத்தில் போர்ச்சுகீசிய மொழியில் செய்தி அனுப்பி அழைத்தார். அதை ஏதோ வேண்டாத அஞ்சல் என்று எண்ணி லோபஸ் பல மாதங்கள் பதிலே போடாமல் விட்டிருந்தார். இந்தத் தொடரில் அதே லோபஸ் தடுப்பரணின் நடுவில் நின்றார். பந்தை அவசரப்பட்டு முன்னே தூக்கி அடிக்காமல், பின்னாலிருந்தே ஒருவருக்கொருவர் தட்டிக் கொண்டுவருவதும், பந்து பறிபோன உடனே இருவர் மூவராகச் சேர்ந்து நெருக்குவதும் பயிற்சியாளர் புபிஸ்டாவின் அணிக்குப் பழகிப்போயிருந்தன. காலிறுதியில் தென் ஆப்பிரிக்காவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றபோதும், கோல் கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் நான்கு பெனால்டிகளைத் தடுத்துத்தான் அவர்களை வெளியேற்ற முடிந்தது. அதே கேப் வெர்டே 2025 அக்டோபரில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, ஐவரி கோஸ்ட் தொடரைப் பார்த்திருந்த எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

தென் ஆப்பிரிக்காவைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பாவின் பெரிய கழகங்களின் பெயர்கள் இல்லாத அணி அது. முதல் பதினொருவரில் பெரும்பாலோர் மாமெலோடி சன்டவுன்ஸ் என்ற ஒரே உள்நாட்டுக் கழகத்தில் அன்றாடம் சேர்ந்து ஆடிவந்தவர்கள். அந்தப் பழக்கம் அவர்களுடைய பந்து பரிமாற்றத்தில் அப்படியே தெரிந்தது. உலகக் கோப்பையில் அரையிறுதி வரை சென்ற மொராக்கோவை அவர்கள் 2–0 என்று வென்றது, நட்சத்திரங்களைத் திரட்டுவதை நம்பும் நிர்வாகங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஆட்டம்.

தொடரின் வடிவமைப்பில் எனக்குள்ள பெரிய குறை மூன்றாம் இடத்து அணிகளைப் பற்றியது. இருபத்து நான்கு அணிகளிலிருந்து எட்டை மட்டும் நீக்குவதற்கு 36 ஆட்டங்கள் ஆடப்படுகின்றன. ஆறு குழுக்களில் மூன்றாம் இடம் பெறும் ஆறு அணிகளில் நான்கு மேலே போகலாம் என்பதால், முதலில் ஆடி முடித்த குழுவின் அணிகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க, கடைசியில் ஆடும் குழுக்களின் அணிகள் எத்தனை புள்ளி போதும் என்று தெரிந்துகொண்டே களமிறங்குகின்றன. இது நியாயமான ஏற்பாடு அன்று. மூன்று புள்ளிகளோடு நின்ற ஐவரி கோஸ்ட் இரண்டு நாள்கள் மற்றவர்களின் ஆட்டங்களைப் பார்த்தபடி காத்திருந்தது. ஜனவரி 24-இல் சான் பெட்ரோவில் ஹக்கீம் ஜியெக் அடித்த கோலில் மொராக்கோ ஜாம்பியாவை வென்ற பிறகுதான், மூன்றாம் இடத்து அணிகளில் கடைசி ஒன்றாக அதற்கு இடம் கிடைத்தது. பின்னர் நடந்ததை அறிந்தவர்கள் இந்த விதியைக் கொண்டாடுவார்கள். நான் அதைக் கொண்டாட மாட்டேன். கதை நன்றாக முடிந்தது என்பதற்காக விதி சரியாகிவிடாது. இதைத் தவிர்க்க முப்பத்திரண்டு அணிகளுக்கு விரிப்பதற்கும் நான் வாதாட மாட்டேன். ஆனால் குழுக்களின் கடைசி ஆட்டங்களை இன்னும் நெருக்கமாக, ஒரே நாளில் நடத்தினாலே இந்தக் குறையில் பாதி தீரும்.

ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த 24-ஆம் தேதியே ஐவரி கோஸ்ட் தன் பயிற்சியாளர் ஜான்-லூயி கசேவை நீக்கியது. பிரான்ஸ் மகளிர் அணியின் பயிற்சியாளராக இருந்த எர்வே ரெனாரைக் கொஞ்ச நாள்களுக்குக் கடனாகத் தரும்படி கேட்டது, பிரான்ஸ் மறுத்தது. துணைப் பயிற்சியாளராக இருந்த எமெர்ஸ் ஃபாயே பொறுப்பேற்றார். அன்றுதான் அவருக்கு நாற்பதாவது பிறந்தநாள். யாமுசுக்ரோவில் நடப்புச் சாம்பியன் செனகலுக்கு எதிராக நான்காவது நிமிடத்திலேயே கோல் வாங்கிய அணி, 86-வது நிமிடத்தில் ஃபிராங்க் கெசியேயின் பெனால்டியால் சமன்செய்து, ஷூட் அவுட்டில் 5–4 என்று வென்றது.

காலிறுதி புவாக்கே நகரில் மாலிக்கு எதிராக நடந்தது. உள்நாட்டுப் போரின்போது கிளர்ச்சியாளர்களின் கைவசம் இருந்த நகரம் புவாக்கே. 2007 ஜூனில் அந்நாட்டின் நட்சத்திர வீரர் டிடியே ட்ரோக்பாவின் முயற்சியால் தேசிய அணி அங்கு வந்து மடகாஸ்கருக்கு எதிராக ஒரு தகுதிச் சுற்று ஆட்டம் ஆடியதை அந்நாட்டவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதே நகரில் இந்த முறை ஐவரி கோஸ்ட், இடைவேளைக்கு முன்பே ஒடிலோன் கொசுனுவை சிவப்பு அட்டையில் இழந்தது. மாலியின் ஒரு பெனால்டியைக் கோல் கீப்பர் யாஹியா ஃபொஃபானா ஏற்கெனவே தடுத்திருந்தார். 71-வது நிமிடத்தில் நெனே டொர்ஜெலே தொலைவிலிருந்து அடித்த அற்புதமான பந்து வலைக்குள் புகுந்தது. பத்துப் பேர், ஒரு கோல் பின்னடைவு, களைத்துப்போன கால்கள். தொண்ணூறாவது நிமிடத்தில் சிமோன் அடிங்ரா சமன்செய்தார். கூடுதல் நேரமும் முடிந்து, எல்லோரும் ஷூட் அவுட்டுக்குத் தயாரான வேளையில், கோல் எல்லைக்கு வெளியிலிருந்து வந்த ஒரு ஷாட்டை உமர் டியாகிட்டே குதிகாலால் லேசாகத் தட்டித் திசைதிருப்பினார். சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியதற்கு இரண்டாவது மஞ்சள் அட்டை கிடைத்து அவர் வெளியேற்றப்பட்டது அந்த ஆரவாரத்தில் பலருக்குத் தெரிந்தே இருக்காது. மாலி வீரர்களுக்காகவும் மனம் நொந்த ஆட்டம் அது. நூற்றிருபது நிமிடங்களில் பெரும்பகுதி நேரம் அவர்கள்தான் சிறந்த அணியாக இருந்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு ஐவரி கோஸ்ட்டைக் கொண்டுசென்றதும், அங்கே நைஜீரியாவை 2–1 என்று வெல்ல வைத்ததும் செபாஸ்டியன் அலேயின் கோல்கள். 2022 ஜூலையில் விதைப்பைப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சைகளும் கீமோதெரபியும் முடித்து, 2023 ஜனவரியில்தான் அவர் மீண்டும் ஆடத் தொடங்கியிருந்தார். குழுச் சுற்றில் காயத்தால் ஆடவே இல்லை. இறுதி ஆட்டத்தின் 81-வது நிமிடத்தில், இடது ஓரத்திலிருந்து அடிங்ரா அனுப்பிய பந்தை நோக்கித் தடுப்பாட்டக்காரருக்கு முன்னால் காலை நீட்டி நுனியால் தொட்டார். போட்டியை நடத்திய நாடே கோப்பையை வெல்வது 2006-இல் எகிப்துக்குப் பிறகு இதுவே முதல் முறை.

நடுவர்களைப் பற்றிக் கூட்டமைப்பு பெருமைப்பட்டுக்கொள்ளலாம். முந்தைய தொடரில் துனிசியா–மாலி ஆட்டத்தை நடுவர் 85-வது நிமிடத்தில் ஒருமுறையும், தொண்ணூறு நிமிடம் நிறைவதற்குச் சில விநாடிகள் முன்னர் இன்னொரு முறையும் விசில் ஊதி முடித்த அவலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த முறை மிகக் கடினமான ஒரு தருணத்தை நடுவர்கள் சரியாகவே கையாண்டார்கள். நைஜீரியா–தென் ஆப்பிரிக்கா அரையிறுதியில் நைஜீரியா 1–0 என்று முன்னணியில் இருந்தபோது, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், விக்டர் ஒசிமென் இரண்டாவது கோலை அடித்தார். நைஜீரியர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தாக்குதல் தொடங்குவதற்கு முன் மறுமுனையில் பெர்சி டாவ் தள்ளி வீழ்த்தப்பட்டதை காணொளியைப் பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். அறை சுட்டிக்காட்டியது. எகிப்திய நடுவர் அமின் உமர் திரையில் பார்த்துவிட்டு கோலை ரத்துசெய்து, தென் ஆப்பிரிக்காவுக்குப் பெனால்டி கொடுத்தார். டெபோஹோ மொகோயெனா அதைக் கோலாக்கினார். 2–0 ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் 1–1 ஆனது. ஷூட் அவுட்டில் நைஜீரியாவின் கோல் கீப்பர் ஸ்டான்லி நுவாபலி இரண்டைத் தடுத்து அணியைக் காப்பாற்றினார். விதிப்படி அந்தத் தீர்ப்பு முற்றிலும் சரி. அதைச் சொல்லும் துணிவு, அரங்கம் முழுதும் கத்திக்கொண்டிருக்கையில், எல்லா நடுவர்களுக்கும் வாய்ப்பதில்லை.

அரங்குகளிலும் ஆடுகளங்களிலும் கலவையான அனுபவம். 2023 செப்டம்பரில் அபிஜானின் எபிம்பே அரங்கில் ஐவரி கோஸ்ட் மாலிக்கு எதிராக ஆடிய நட்பு ஆட்டம், களத்தில் தண்ணீர் தேங்கியதால் இடைவேளையோடு கைவிடப்பட்டது. தொடர் தொடங்குவதற்கு நான்கு மாதங்களே இருந்த நிலையில் அது பெரிய தலைக்குனிவு. ஆனால் ஜனவரியில் அதே களத்தில் பந்து சீராக உருண்டது. இறுதி ஆட்டம் வரை புல்வெளியைப் பற்றிப் புகார் சொல்ல இடமில்லை. காலி இருக்கைகள் வேறு கதை. சுமார் 60,000 பேர் அமரக்கூடிய அரங்கில் தொடக்க ஆட்டத்தின்போதே பெரிய பகுதிகள் வெறுமையாக இருந்தன. டிக்கெட் விற்பனை முறையை ஆதரவாளர்களுக்கு எளிதாக்காவிட்டால், எத்தனை அழகான அரங்கு கட்டியும் பயனில்லை. காம்பியா அணி ஐவரி கோஸ்ட்டுக்குப் புறப்பட்ட விமானத்தில் காற்றழுத்தமும் ஆக்சிஜனும் குறைந்து, விமானம் பஞ்சூலுக்கே திரும்ப நேர்ந்தது இன்னும் கவலைக்குரியது. வீரர்களின் பயணத்துக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்து, அதைக் கண்காணிப்பது கூட்டமைப்பின் கடமை.

ஆட்டத்துக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நான்கு டிராக்களுக்குப் பிறகே முதல் வெற்றியைக் கண்டு அரையிறுதிக்கு வந்த காங்கோ ஜனநாயகக் குடியரசு அணியினர், தேசிய கீதத்தின்போது ஒரு கையால் வாயைப் பொத்தி, மறு கையின் இரு விரல்களைத் துப்பாக்கி போல நெற்றிப்பொட்டில் வைத்து நின்றார்கள். தங்கள் நாட்டின் கிழக்குப் பகுதியில் நடக்கும் கொலைகளையும், அவற்றைப் பற்றி உலகம் காக்கும் மௌனத்தையும் எதிர்த்த செயல் அது. தேசிய அணி என்பது அந்த மக்களுக்கு எத்தகைய குரல் என்பதை உணர்த்திய சில விநாடிகள்.

ஒளிபரப்புதான் என்னை அதிகம் ஏமாற்றியது. ஒளிப்பதிவின் தரம் நன்று. கேமராக்கள் போதிய அளவு இருந்தன. மறுஒளிபரப்புகள் தெளிவாக இருந்தன. ஆனால் நான் சந்தா கட்டிப் பார்த்த செயலியில் நேரலை ஏறக்குறைய அரை நிமிடம் பின்தங்கி ஓடியது. கைப்பேசியில் கோல் செய்தி முதலில் வந்துவிடும், திரையில் பந்து அப்போதுதான் நடுக்களத்தைத் தாண்டும். ஷூட் அவுட் வேளையில் இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. அறிவிப்புகளை முற்றிலும் அணைத்துவிட்டுப் பார்ப்பதே இதற்குத் தீர்வு. வர்ணனை ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்தது, தமிழில் இல்லை. கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் தமிழ் வர்ணனை வழக்கமாகிவிட்ட காலத்தில், வடசென்னையிலும் குமரிக் கடற்கரை ஊர்களிலும் கால்பந்தை உயிராக நினைக்கும் மக்கள் இருக்கையில், இந்தக் குறையை ஒளிபரப்பாளர்கள் எளிதில் தீர்க்கலாம். வர்ணனையாளர்கள் ஐரோப்பியக் கழகங்களில் ஆடுபவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததும் சலிப்பூட்டியது. நமீபியாவின் வெற்றிக்குப் பின்னால் ஒரு நாட்டின் கால்பந்து வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல், துனிசியா ஏன் தோற்றது என்பதையே ஆட்டம் முடியும் வரை அலசினார்கள்.

இந்தத் தொடரை யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஒவ்வோர் ஆட்டத்திலும் நுட்பமான பந்து பரிமாற்றத்தை எதிர்பார்ப்பவர்களுக்குச் சில குழு ஆட்டங்கள் முரடாகத் தோன்றலாம். கோல் எல்லைக்கு அருகே கடைசித் தட்டலில் பிழைகள் மிகுதியாக இருந்தன என்பதும் உண்மை. ஆனால் முடிவு தெரியாத ஆட்டத்தைப் பார்ப்பதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சர்வதேசத் தொடர் இல்லை. கால்பந்தைப் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு, ஐரோப்பாவின் இரண்டு மூன்று பெரிய கழகங்களுக்கு அப்பாலும் இந்த விளையாட்டு இருக்கிறது என்று காட்டவும் இது உதவும்.

இதுவரை பார்க்காதவர்கள் முழு ஆட்டங்கள் கிடைத்தால் இந்த வரிசையில் பார்க்கலாம்: முதலில் கானா–மொசாம்பிக் ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரம், அடுத்து மொரிட்டானியா–அல்ஜீரியா, பிறகு கோல் கீப்பர் லியோனல் எம்பாசியே கடைசிப் பெனால்டியை அடித்து எகிப்தை வெளியேற்றிய காங்கோ ஆட்டத்தின் ஷூட் அவுட், அதன்பின் நைஜீரியா–தென் ஆப்பிரிக்கா அரையிறுதி, இறுதி ஆட்டம். ஐவரி கோஸ்ட்–மாலி காலிறுதியை மட்டும் ஐந்து நிமிடச் சுருக்கமாகப் பார்க்க வேண்டாம். அந்தச் சுருக்கத்தில் கோல்கள் இருக்கும். பத்துப் பேராகிப்போன அணி சமன்செய்யும் வரை நாற்பத்தைந்து நிமிடங்களுக்கு மேல் பட்ட பாடு இருக்காது. இரண்டரை மணி நேரத்தை அதற்கென ஒதுக்கி, முழுவதையும் பாருங்கள்.